ஒன்றும் தெரியாத ஆள் தேவை

“உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னாங்க” என்று தோத்தாத்ரி சொன்னதும், துணி அளந்துகொண்டிருந்த ஜஹீராவின் கை நின்றது.

“யாரு சொன்னது?”

“உங்க வீட்டுக்காரர்தான்.”

“ஜலாலா? எதைப் பத்தி?”

“கம்ப்யூட்டரைப் பத்திம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணுமே தெரியாத ஆள் ஒருத்தர் எனக்கு அவசரமா வேணும்.”

ஜஹீரா கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். ரவிக்கைக்கு நிறம் பொருத்த வந்திருந்த அம்மாள், இது பேச்சா சண்டையா என்று புரியாமல் தன் புடவையை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அஸ்தினாபுரம் கடைத்தெருவில் கீழே ஜஹீராவின் மேட்சிங் சென்டர், மாடியில் தோத்தாத்ரியின் கம்ப்யூட்டர் சென்டர். கீழே எப்போதும் கூட்டம். மேலே எப்போதும் காற்று. டைப் அடிக்கவும் கணக்குப் போடவும் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளெல்லாம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏ.சி. வைத்த இடங்களுக்குப் போய்விட்டார்கள். கட்டடம் தோத்தாத்ரியின் மைத்துனன் ஸ்ரீரங்கனுடையது. அக்கா புருஷன் என்று இத்தனை நாள் பொறுத்தவன், மார்ச் மாதம் மாடியேறி வந்து சொல்லிவிட்டான்.

“அத்திம்பேர், மே ஒண்ணாம் தேதி இந்தப் பத்து நாற்காலியும் நெறஞ்சா சென்டர் உங்களுது. ஒண்ணு காலியா இருந்தாலும் சாவியைக் குடுத்துடுங்கோ. டைல்ஸ் கடைக்காரர் நடையா நடக்கறார்.”

அப்போதுதான் தோத்தாத்ரிக்கு அந்த யோசனை வந்தது. கேம் ஆடாத பிள்ளை தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் கிடையாது. கேம் செய்யச் சொல்லித்தருகிறவர் யாரும் கிடையாது. கோடை விடுமுறைக்கு அதையே வகுப்பாக வைத்தால் என்ன? கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டில் கேம் செய்கிற மென்பொருள் மூன்று இருந்தன. மூன்றுக்கும் நேராக ‘புதியவர்களுக்கு மிக எளிது’ என்று போட்டிருந்தது. மூன்று பெண்ணையும் அடக்கமான பெண் என்று சொல்கிற கல்யாணத் தரகர் கதைதான்.

பெயர்கள் வாயில் நுழையவில்லை. தோத்தாத்ரியே பெயர் வைத்தார். வண்ணவண்ணக் கட்டளைகளைக் கட்டை அடுக்குவதுபோல் அடுக்குவது ‘கட்டை’. படங்களை இழுத்து இழுத்துப் போடுவது ‘இழுவை’. தெருவும் வீடும் வரைந்து, அதில் ஒரு ஆளை நடக்கவிடுவது ‘ஊர்’. வகுப்புக்கு ஒன்றுதான் வேண்டும். எது எளிது?

“நீங்களே போட்டுப் பாருங்களேன் சார்” என்றாள் ஜஹீரா.

“அது கூடாதும்மா. எங்க வீட்டுல பெருமாளுக்குக் காட்டறதுக்கு முன்னாடி சமைக்கறவங்க ருசி பார்க்க மாட்டாங்க. பார்த்தா எச்சில். இதுவும் அப்படித்தான். நான் இருபது வருஷமா கம்ப்யூட்டரோட குடித்தனம் பண்றவன். நான் தொட்டா எல்லாமே சுலபமாத்தான் தெரியும். தெரியாதவங்கதான் தொடணும்.”

“உப்பு கம்மியா இருந்தா?”

“பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டார்.”

“பிள்ளைங்க சொல்லுமே சார்.”

“அதுக்குத்தானே உங்களைக் கூப்பிடறேன்.”

ஜஹீரா சிரித்துவிட்டாள். மத்தியானம் கடையை ஜலாலிடம் விட்டுவிட்டு மாடியேறினாள். தோத்தாத்ரி அவளுக்குக் ‘கட்டை’யைத் திறந்து கொடுத்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். எட்டிப் பார்ப்பதும் எச்சில்தானே.

சாயங்காலம் அவள் இறங்குவதற்குள் ஒரு கேம் தயார். மேலிருந்து ரவிக்கைத் துண்டுகள் விழும். அதே நிறப் புடவையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். நிறம் மாறினால் வாடிக்கையாளர் முறைப்பாள்.

“சுலபமா இருந்ததா?”

“அல்வா மாதிரி சார். வாடாமல்லியில இன்னும் ஒரு ஷேட் இருந்தா நல்லாருந்திருக்கும்.”

தோத்தாத்ரி அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் கை நின்றது.

“என்ன, குழம்புல உப்பு இல்லையா?” என்றாள் மனைவி வேதவல்லி.

“அதில்லை. கட்டை சுலபமா, இல்லே ஜஹீரா கெட்டிக்காரியா? எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“சாதம் ஆறிப் போறது.”

மறுநாள் ஜலாலைப் பிடித்தார். ஜலால் உட்கார்ந்ததும், “எங்க சார் அந்த மஞ்சள் கட்டை? அதை வச்சாத்தானே திரும்பத் திரும்ப ஓடும்?” என்று கேட்டார். விசாரித்தால், ஜஹீரா வீட்டில் தட்டும் டம்ளரும் வைத்து எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறாள்.

“நீங்க கெட்டுப் போயிட்டீங்க பாய்” என்றார் தோத்தாத்ரி வருத்தமாக.

“என்ன சார் சொல்றீங்க, கடைத்தெருவுல வச்சு?” என்று ஜலால் அக்கம்பக்கம் பார்த்தார்.

அன்றே தோத்தாத்ரி ஒரு விதி செய்தார். மாடியில் பார்த்ததை யாரும் கீழே சொல்லக் கூடாது. அது போதாதா? மாடியில் ஏதோ நடக்கிறது, போனவர்கள் வாயைத் திறப்பதில்லை, சாருடைய முகமோ ஜன்னல் பக்கமே இருக்கிறது என்று மூன்றாம் தெரு வரைக்கும் பேச்சு போயிற்று. குடியிருப்போர் சங்கத் தலைவர் ஜெபசீலன் விசாரிக்க வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக்கொடி பார்க்காமல் தெருவைக்கூடத் தாண்டாத மனிதர்.

“என்ன சார், மாடியில ஏதோ தப்புத்தண்டா நடக்குதுன்னு கம்ப்ளெயின்ட்டு.”

“சார், உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?”

“ஏன் தெரியாது? மவன் கனடாவுல அதுலதான இருக்கான்.”

“உங்களுக்கு?”

ஜெபசீலன் குரலைத் தாழ்த்தினார். “வெளிய சொல்லாதீங்க. எனக்கு ஆன் பண்ணவே தெரியாது.”

தோத்தாத்ரி அவர் கையைப் பிடித்து இரண்டு கையாலும் குலுக்கினார். “உங்களைத்தான் சார் தேடிக்கிட்டிருந்தேன்.”

அவருக்கு ‘இழுவை’. காலையில் உட்கார்ந்தவர் மத்தியானம் எழவில்லை. அவர் செய்த கேமில், தாம்பரத்தில் கிளம்பும் ரயில் சானடோரியம், குரோம்பேட்டை என்று நின்று நின்று போகவேண்டும். சிக்னல் விழாமல் நகர்ந்தால் ஆட்டம் முடிந்தது. மின்வெட்டு வந்து ரயில் இருட்டில் மறைந்தபோது, “பல்லாவரம் அவுட்டர்ல நிக்கிது சார், பயணிகள் பாவம்” என்று புலம்பினார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். வீட்டுக்குச் சாப்பிட வராத கணவரைத் தேடி ரத்தினபாய் அடுக்கு டிபனோடு மாடியேறினாள்.

“இந்த வயசுல என்ன வெளையாட்டு உங்களுக்கு? ரசம் ஆறிப்போச்சி.”

“கொஞ்சம் இரு, மீனம்பாக்கம் வந்துடட்டும்.”

“அந்த ரயில்ல பொம்பளைங்க பெட்டி எங்க?”

ஜெபசீலன் திரும்பிப் பார்த்தார். பெண்கள் பெட்டி இல்லைதான். ரத்தினபாய் டிபனை ஓரமாக வைத்துவிட்டு, “நகருங்க” என்றாள்.

தோத்தாத்ரி ஜன்னலோரத்திலிருந்து, “அம்மா, நீங்க தொடாதீங்க, கெட்டுப் போயிடுவீங்க” என்று கத்தியது காலம் கடந்த காரியம்.

‘ஊரு’க்குக் கிடைத்தவன் ஆட்டோ மாரி.

“இன்னா சார், என்னிய போயி குந்த வைக்கிற? எலி புடிக்கவா?”

“கம்ப்யூட்டர் தெரியுமா மாரி?”

“சவாரிக்கு ஏத்தினு போயிருக்கேன். ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடையிலேந்து.”

“போதும், உட்காரு.”

மாரி ஜி.எஸ்.டி. ரோட்டையே வரைந்துவிட்டான். ஆட்டோ வண்டலூர் போகவேண்டும். வழியெல்லாம் ஆட்கள் கைகாட்டி ஒவ்வொருவரும் ஒரு பக்கம் இழுப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் எதிரே தண்ணி லாரி. “ஷோக்கா கீது சார். ரொம்ப ஈஸி. எந்தப் பேஜாரும் இல்ல.” எழுந்தவன் தோத்தாத்ரியைப் பார்த்துக் கேட்டான்: “நீ இன்னா கேம் போட்ட சார்?”

“நான் தொடறதில்லை மாரி.”

“தொடவே இல்லியா?”

“விதி.”

மாரி தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனான்.

கடைசியில் கிடைத்தது என்ன? கட்டையைத் தொட்டவர் கட்டைதான் சுலபம் என்றார். இழுவையைத் தொட்டவர் இழுவைதான் என்றார். ஊரைத் தொட்டவன் ஊரே தன்னுடையது என்றான். டீக்கடையில் கட்சி பிரிந்தது. வடகலை தென்கலைச் சண்டையைப் பார்த்தே வளர்ந்த தோத்தாத்ரிக்கு மூன்றாவதாகவும் ஒரு கலை இருக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு ஒவ்வொரு கட்சியும் தனக்குச் சாதகமாக ஆள் கூட்டிவந்தது. “இது ஒண்ணும் தெரியாத ஆளு சார், சத்தியமா” என்று ஜஹீரா கொண்டுவந்து நிறுத்திய எல்.ஐ.சி. ஏஜென்ட் ஞானஜோதி, உட்கார்ந்த வேகத்தில் மஞ்சள் கட்டையைத் தேடினாள்.

“இவங்களும் கெட்டவங்கதான்” என்றார் தோத்தாத்ரி.

“பாலிசி போடுங்க சார், அப்புறம் பேசுங்க” என்றாள் ஞானஜோதி.

ஏப்ரல் முடிகிற சமயம், அந்தச் சுற்றுவட்டாரத்தில் கறைபடாத ஆள் என்று ஒருவன்தான் மிச்சம். அவன் ஸ்ரீரங்கன். ஆட்டைக் காப்பாற்ற ஓநாயிடமே யோசனை கேட்கிற நிலைமை. ஆனாலும் தோத்தாத்ரி கேட்டார். ஸ்ரீரங்கன் வந்தான். கட்டையில் கொஞ்ச நேரம், இழுவையில் கொஞ்ச நேரம், ஊரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். ஊரில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று கட்டி, கீழே தன் பெயரைப் பொறித்தான்.

“எது சுலபம், ரங்கா?”

“மூணும் நன்னாத்தான் இருக்கு அத்திம்பேர்.”

அன்றிரவு வேதவல்லி பெருமாள் படத்துக்கு முன்னால் மூன்று சீட்டு எழுதி மடித்துப் போட்டாள். “கண்ணை மூடிண்டு ஒண்ணை எடுங்கோ.” எடுத்தார். ‘கட்டை.’

“பெருமாளே சொல்லிட்டார்” என்று தோத்தாத்ரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகுதான் மற்ற இரண்டையும் பிரித்துப் பார்த்தார். அவற்றிலும் கட்டை.

“என்னடி இது?”

“வந்து போறவாளுக்கெல்லாம் காபி போட்டு மாளலை. பெருமாளுக்கும் சேர்த்து நானே முடிவு பண்ணிட்டேன்.”

மறுநாளே நோட்டீஸ் அடித்தார்கள். ‘கேம் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். வயது வரம்பு இல்லை. ஒன்றும் தெரியாதவர்களுக்கு முன்னுரிமை.’ மருந்துக்கடை வாசலில் ஒட்டினார். கோயில் மதிலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். பேப்பர் போடுகிறவரிடம் கொடுத்து வீடுவீடாகச் செருகச் சொன்னார்.

ஒருவரும் வரவில்லை.

மே மாதம் பிறக்க ஒரே நாள் இருக்கும்போது கீழே இறங்கிப் போனார். ஜஹீரா யாருக்கோ மாம்பழ மஞ்சளில் நாலு வகை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, நீங்ககூட பேர் குடுக்கலையே?”

“நானா? எனக்குத்தான் தெரியுமே சார்.”

“சரி, உங்க பொண்ணு மாஹிரா?”

“அவளுக்கு நான் சொல்லிக் குடுத்துட்டேனே. எதிர்வீட்டுப் பிள்ளைங்களுக்கும்தான். சும்மா வெயில்ல சுத்துதுங்கன்னு ஜெபசீலன் சார்கூட அவங்க தெருப் பிள்ளைங்களை உக்கார வச்சு இழுவை சொல்லிக் குடுக்கறாராம். மவன் கனடாலேர்ந்து கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பிச்சிட்டாராம்ல?”

தோத்தாத்ரி அங்கேயே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வகுப்புக்குத் தேவை ஒன்றும் தெரியாதவர்கள். அந்த ஒன்றும் தெரியாதவர்களையெல்லாம் அவரே ஒருவர் விடாமல் தேடிப் பிடித்து, காபியும் கொடுத்து, தெரிந்தவர்களாக்கி அனுப்பியிருக்கிறார்.

“சார், தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேண்டாம்மா. நாளைக்கு ரங்கன் சாவிக்கு வருவான்.”

“எந்தச் சாவி?”

அதுவரைக்கும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது டைல்ஸ் கடைக்காரர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். ஜஹீரா மாம்பழ மஞ்சளை அப்படியே போட்டுவிட்டு நின்றாள். கடன் வாங்கியவனைப்போல் மெதுவாகப் படியேறிப் போன அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே தினத்தன்று வேதவல்லி கேசரி கிளறினாள்.

“யாருக்கு இதெல்லாம்?” என்றார் தோத்தாத்ரி.

“யாரும் வரலேன்னா நாம சாப்பிடலாம். எப்படி இருந்தாலும் கேசரி கேசரிதானே.”

சென்டரைத் திறந்து பத்து நாற்காலியையும் துடைத்தார். பத்துத் திரைக்கும் உயிர் கொடுத்தார். சட்டைப்பையில் சாவி கனத்தது. ஸ்ரீரங்கன் வந்தான். கூடவே டைல்ஸ் கடைக்காரரும் வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் டேப்பை இழுத்துத் தரையை அளக்க ஆரம்பித்தார்.

“மன்னிச்சுக்கோங்கோ அத்திம்பேர்” என்று ஸ்ரீரங்கன் காலி நாற்காலிகளைப் பார்த்தான். அவன் முகமும் அவ்வளவாக நன்றாக இல்லை. அவனுடைய நாலு மாடிக் கட்டடம் அங்கே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

தோத்தாத்ரி சாவியை எடுத்தார். அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு செருப்பில்லை, ஏகப்பட்ட செருப்பு.

முதலில் ஜஹீரா, பின்னால் ஜலால். ஜெபசீலன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ரத்தினபாய், ஞானஜோதி, மாரி, மாரியின் ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர், டீக்கடைக்காரர். கடைசியாக, அன்றைக்குப் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற அந்த அம்மாள். ஒவ்வொருவரும் கேசரியோடு வந்து நின்ற வேதவல்லி கையில் ஒரு ஃபீஸ் கவரை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள்.

“காலை எடுய்யா, டேப்புமேல நிக்கிறேன் பாரு” என்று மாரி டைல்ஸ் கடைக்காரரிடம் சொன்னான். யார் காலை யார் எடுப்பது என்று அவர் யோசிப்பதற்குள் நாற்காலி பத்தும் நிறைந்துவிட்டது.

ஸ்ரீரங்கன் விரலால் எண்ணினான். மறுபடி எண்ணினான். பிறகு டைல்ஸ் கடைக்காரர் தோளில் கை போட்டு, “சிட்லபாக்கத்துல ஒரு இடம் இருக்கு, உங்களுக்கு அதுதான் தோது” என்று வாசல் வரைக்கும் கொண்டுவிட்டுத் திரும்பி வந்து, கதவில் சாய்ந்துகொண்டான்.

தெரிந்ததையே மறுபடி கற்க, தனக்காக இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று நினைத்து, தோத்தாத்ரி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாத்தியார் இடத்தில் இருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் நின்றார்.

“எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு முதல் பாடம். கட்டை.”

கட்டையைத் திறந்தார். திரை விரிந்தது. இடது பக்கம் முழுக்க நீலமும் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஏதேதோ குவிந்து கிடந்தன. நடுவில் ஒரு பொம்மை நின்று அவரையே பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார்.

“முதல்ல... இதை எடுத்து... இங்கே...”

எதையோ இழுத்து எங்கேயோ விட்டார். பொம்மை தலைகீழாகத் திரும்பி, ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இன்னொன்றை இழுத்தார். பொம்மையையே காணோம்.

யாரும் சிரிக்கவில்லை. ஜெபசீலன் எழுந்தார். ஜஹீராவும் எழுந்தாள். மாரி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் தோத்தாத்ரிக்குப் பின்னால் போட்டு, “குந்து சார்” என்று தோளை அழுத்தினான். அவரைச் சுற்றி எல்லாரும் கூடிவிட்டார்கள்.

“என்ன நடக்கறது இங்கே?” என்றான் ஸ்ரீரங்கன் கதவோரத்திலிருந்து. “பத்து ஸ்டூடன்ட்டும் ஏன் எழுந்து நிக்கறா?”

ரத்தினபாய் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு திரும்பினாள்.

“ஸ்டூடன்ட்டு அவரு ஒருத்தர்தான் தம்பி, நாங்க பத்துப் பேரும் டீச்சருங்க.”